பந்தி வாசலில் லின்சி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழைப்பில்லாத கல்யாணத்துக்கு நான் போனது உண்மை. ஆனால் சாப்பாட்டுக்காகப் போகவில்லை. இதை இதுவரை நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஒருவராவது நம்பினதாகத் தெரியவில்லை.

என் பெயர் ஆரோக்கியம். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ரேஷன் கடை விற்பனையாளர், பதினெட்டு வருஷமாக. கோபக்காரி என்று ஊரில் பெயர். அது கோபமில்லை, ஒழுங்கு. கார்டு இல்லாமல் வந்தவருக்கு என் கையால் ஒரு பிடி சர்க்கரைகூடப் போனதில்லை. "யாரா இருந்தாலும் கார்டு. கார்டு இல்லியா, வீட்டுக்குப் போயிட்டு கார்டோட வாங்க." ஊராட்சித் தலைவரின் சம்சாரத்துக்கும் இதே பதில்தான், எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாருக்கும் இதே பதில்தான். என் மகள் லின்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள்.

லின்சிக்கு இப்போது இருபது வயது. ஆட்டிசம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னபோது நாலு வயது. அவளுக்குச் சத்தம் ஆகாது. பொய் வராது. ஒன்றைச் செய் என்று ஒருதரம் சொல்லிவிட்டால் அதை மாற்ற யாராலும் முடியாது. போன வருஷம் மாதா கோயில் தேர்பவனியில் அதிர்வேட்டுப் போட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டு பந்தல் காலைக் கட்டிப்பிடித்தவள், ஒரு மணி நேரம் விடவில்லை. நானும் கூடவே நின்றேன். அவள் எங்கே நின்றாலும் நானும் அங்கே நிற்பேன், அதுதான் என் வழக்கம். பல் தேய்க்கும்போது பக்கத்தில், பஸ்ஸில் பக்கத்தில், பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூடப் பக்கத்தில். சாமியார்தான் என்னை வெளியே போகச் சொல்வார்.

இந்தக் கோடையில் அவள் படித்த சிறப்புப் பள்ளியில் ஒரு பயிற்சி முகாம் வைத்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகளுக்கு ஒரு மாதம் வேலை பழக்கிவிடுவதுதான் திட்டம். மூன்று வாரம் பள்ளியில் பாடம், நாலாவது வாரம் நிஜமான வேலையிடம். நடத்தினது சான்ட்ரா மிஸ். என் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த பெண், எனக்கே ரூல் போட்டது. முதல் நாளே பெற்றோர்களை உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தது. அதில் மூன்றாவது வரி: வேலையிடத்துக்குப் பெற்றோர் வரக்கூடாது.

"வந்தா என்னங்க மிஸ் ஆகும்?" என்று கேட்டேன்.

"மதிப்பீட்டுத் தாள்ல பத்து வரி இருக்குங்க. ஒம்பதுல முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல. பத்தாவது வரி, 'பெற்றோர் உதவியின்றிச் செய்தார்.' அதுல டிக் இல்லன்னா சான்றிதழ் கெடையாது."

"சான்றிதழ் இல்லன்னா?"

"வேலை கெடையாது. முதலாளிகிட்ட அப்படித்தான் பேசியிருக்கு."

முதலாளி என்றது குடவாசலில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் மீரா உசேன் பாயை. நல்ல மனுஷன், ஆனால் சாப்பாட்டுக் கூடத்தால் நொந்துபோனவர். நம் பக்கத்துப் பந்தி எப்படி நடக்கும் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவன் சாம்பாரில் கைவைக்கும்போதே அவன் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுவிடுவான். மோர் வருவதற்குள் நாற்காலி முதுகில் கைவைத்துவிடுவான். சென்ற முகூர்த்தத்தில் ஒரே நாற்காலிமேல் இரண்டு குடும்பம் கைவைத்து, நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ரசத்தோடு கீழே விழுந்திருக்கிறார். அவர் பெண்ணுக்குப் பெரியப்பாவாம், கல்யாணமே நிற்கப் பார்த்ததாம்.

அதனால் பாய் டோக்கன் முறை கொண்டுவந்தார். நூற்றிருபது நாற்காலி, பந்திக்கு நூற்றிருபது பிளாஸ்டிக் வில்லை, ஒவ்வொன்றிலும் எண். முதல் பந்திக்கு மஞ்சள், அடுத்ததற்குப் பச்சை, அதற்கடுத்ததற்குச் சிவப்பு. திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் வாசலில் அவர் நிறுத்தின ஆட்கள் சரியில்லை. "நான் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா" என்று ஒருவர் மீசையைத் தடவினால் போதும், கதவைத் திறந்துவிட்டார்கள். உறவுமுறை சொன்னால் மசியாத ஒரு ஆள் வேண்டும் என்று பாய் தேடிக்கொண்டிருந்தார். சான்ட்ரா மிஸ் லின்சியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினது. முகாம் முடிந்து சான்றிதழோடு வந்தால் ஆவணி முகூர்த்தத்திலிருந்து நிரந்தர வேலை என்று பாய் வாக்குக் கொடுத்தார்.

நான் போய்விட்டால் இவள் கதி என்ன என்று யோசிக்காமல் நான் தூங்கின நாள் கிடையாது. அதனால் அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன். அதே சமயம், நான் பக்கத்தில் இல்லாமல் அவளால் முடியாது என்றும் உறுதியாக நம்பினேன். இரண்டும் எப்படி ஒரே மண்டையில் இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் பாடம் ஒழுங்காகத்தான் போனது. நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்த்த அன்று மட்டும் மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது. "உங்க பலம் என்ன?" என்று கேட்டதற்கு லின்சி, "எண்ணுவேன்" என்றிருக்கிறாள். "உங்க குறை என்ன?" என்றதற்கு, "எங்கம்மா" என்றிருக்கிறாள்.

"அது வந்துங்க, அவங்க கூடவே வருவாங்கன்ற அர்த்தத்துல..." என்று மிஸ் இழுத்தது.

"அர்த்தம் எனக்கே புரியுது மிஸ்" என்றேன். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

கடைசி நாள், வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்தம். அன்றைக்கு வாசல் முழுக்க லின்சி பொறுப்பு. மிஸ் ஓரத்தில் உட்கார்ந்து தாளில் எழுதும். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் லின்சி தனியாக ஏறினாள். அரக்குச் சிவப்புக் கோட்டு, அதில் அவள் பெயர் போட்ட பேட்ஜ். காதில் பஞ்சு. ஜன்னல் வழியாக ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டுக்காரர் அடைக்கலசாமிக்கு அறுவடை மெஷின் ஓட்டுகிற தொழில், மே மாதம் ஆந்திராப் பக்கம் போய்விடுவார். பஸ்ஸில் இருந்து போன் போட்டேன். "நீ அங்க போனேன்னு வையி, அந்தப் புள்ள பொழப்புல மண்ணத்தான் போடுவ" என்றார். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

பெரிய கல்யாணத்தில் ஒரு வசதி உண்டு. நீங்க யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டு, அவர் நெருங்கின சொந்தமாகிப் போய்விட்டால் அப்புறம் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. பெண்வீட்டார் என்னை மாப்பிள்ளைவீடு என்று நினைத்தார்கள், மாப்பிள்ளைவீட்டார் பெண்வீடு என்று நினைத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் எடுத்துக்கொண்டேன், தூணோரமாக ஒரு நாற்காலி பிடித்தேன். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டுக் கூடத்து வாசல் நேராகத் தெரியும்.

அதோடு விட்டார்களா? பக்கத்தில் இருந்த அம்மாள் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீங்க மாப்பிள்ளைக்குக் கான்வென்ட்ல டீச்சர்தானே?" என்றாள். இல்லை என்று சொன்னால் பின்னே யார் என்று சொல்லவேண்டும். தலையை ஆட்டினேன். "டீச்சர் வந்திருக்காங்க!" என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் நாலு பேர் ஓடிவந்து என்னை மேடைக்கு அழைத்துப்போனார்கள். மாப்பிள்ளைப் பையன் என்னை உற்றுப் பார்த்தான். எந்த வகுப்பு, என்ன பாடம் என்று அவன் தேடுவது கண்ணிலேயே தெரிந்தது. டீச்சரை மறந்துபோனேன் என்று எப்படிச் சொல்வான்? பெண்ணோடு சேர்ந்து காலில் விழுந்தான். "நல்லா இருங்கப்பா" என்றேன். அது மனசார வாழ்த்தினதுதான். போட்டோவும் எடுத்தார்கள். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் நான் இருக்கிறேன்.

தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் மொத்தமாகச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பியது. மடை திறந்த மாதிரிதான். லின்சி வாசலில் நின்றாள். ஒரு கையில் மஞ்சள் வில்லைகள், ஒரு கை கதவில். "ஒண்ணு. உள்ள போங்க. ரெண்டு. உள்ள போங்க." ஒரே குரல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நூற்றிருபது ஆனதும் கதவைச் சாத்தினாள். "அடுத்தது பச்சை. வரிசையில வந்து வாங்கிட்டு நாற்காலியில உக்காருங்க." ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். எனக்கு எழுந்து நின்று எல்லோரிடமும் என் பொண்ணு என்று சொல்லவேண்டும்போல இருந்தது. டீச்சர் ஆகிவிட்டதால் சொல்லமுடியவில்லை.

அப்போது வந்தார் மாப்பிள்ளையின் தாய்மாமன் குணசேகரன். ஆறடி ஆள், கழுத்தில் புலிநகச் சங்கிலி. முதல் பந்தியில் தாய்மாமனுக்கு இலை போடாதது எவ்வளவு பெரிய குற்றம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லின்சிக்குத் தெரியாது.

"கதவத் தெறம்மா."

"டோக்கன்?"

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. டோக்கன்?"

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்!"

"சரிங்க. டோக்கன்?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போனது. குணசேகரன் குரலை உயர்த்தினார். தாய்மாமனுக்கு இந்த மரியாதையா, கூப்பிடுறா பொண்ணோட அப்பனை, இப்பவே என் சனத்தைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புறேன் என்று மண்டபம் அதிரக் கத்தினார். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். லின்சி வில்லைகளைக் கோட்டுப் பையில் போட்டாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பந்தல் கால் ஞாபகம் வந்தது. அதற்குமேல் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஏங்க, சின்னப் பொண்ணுகிட்ட என்னாங்க சத்தம்? வயசாகல ஒங்களுக்கு?" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். குணசேகரனைத் தள்ளிவிட்டு, லின்சியை அணைத்து உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று கதவில் கைவைத்தேன்.

லின்சி கண்ணைத் திறந்தாள். கதவின் குறுக்கே கையை நீட்டினாள்.

"டோக்கன் இல்லாம உள்ள போகக்கூடாதுங்க."

என்னைத்தான் சொன்னாள். என்னை 'ங்க' போட்டு அவள் பேசினது அதுதான் முதல்தடவை.

"லின்சி, அம்மாடி, வாடா, உள்ள போயி ஒக்காந்துக்கலாம்."

"நான் எண்ணிக்கிட்டு இருக்கேன். யாராவது கத்துனா காதப் பொத்திக்கிட்டுப் பத்து வரைக்கும் எண்ணணும், அப்புறம் திரும்பக் கேக்கணும். மிஸ் சொல்லியிருக்காங்க. நான் ஏழு வரைக்கும்தான் எண்ணியிருக்கேன்."

அவள் பயந்து நிற்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் போய் நடுவில் விழுந்திருக்கிறேன்.

கூட்டத்தில் ஒரு நல்ல மனசுக்காரி சிபாரிசுக்கு வந்தாள். "அவங்க மாப்பிள்ளையோட டீச்சர்ம்மா. அவங்கள மட்டுமாவது விடு."

"இவங்க டீச்சர் இல்ல" என்றாள் லின்சி, வில்லை எண்ணின அதே குரலில். "இவங்க பேரு ஆரோக்கியம். ரேஷன் கடையில வேலை. எங்கம்மா. இவங்கள யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடல. எங்க வீட்டுக்குப் பத்திரிகை வரல."

மண்டபத்தில் அந்த நேரம் என் நெற்றிச் சந்தனம் காய்ந்து உதிர்கிற சத்தம்கூடக் கேட்டிருக்கும். மேடையில் மாப்பிள்ளைப் பையன் முகத்தில் மட்டும் ஒரு பெரிய நிம்மதி.

லின்சி இன்னும் முடிக்கவில்லை. "யாரா இருந்தாலும் டோக்கன். இல்லியா, வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

பதினெட்டு வருஷமாக நான் ஊருக்குச் சொன்ன வார்த்தை. எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது இரண்டும் சுட்டது.

லின்சி மறுபடி காதைப் பொத்தி, கண்ணை மூடி, எட்டு, ஒம்பது, பத்து என்று எண்ணி முடித்தாள். கையை எடுத்தாள். குணசேகரனைப் பார்த்து, "டோக்கன்?" என்றாள்.

குணசேகரன் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பெத்த தாயவே விடலயே. நம்மள எங்கேருந்து விடப்போவுது" என்றார். கையை நீட்டினார். "பச்சையக் குடு ஆத்தா."

"பச்சை எம்பத்தேழு. நாற்காலியில உக்காருங்க."

ஆறடி தாய்மாமன் எண்பத்தேழாம் நம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, தூணோரத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தாய்மாமனே உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் என்ன பேசுவது? எல்லோரும் சத்தமில்லாமல் வரிசைக்கு வந்தார்கள். மீரா உசேன் பாய் சமையல்கட்டு வாசலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் கூடத்தில் நாற்காலிக்குப் பின்னால் ஒருவரும் நிற்காத முதல் பந்தி இதுதான் என்று பிறகு சொன்னார்.

ஆனால் எனக்கு அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. பத்தாவது வரி. சான்ட்ரா மிஸ் தாளோடு எழுந்து வந்து என் முன்னால் நின்றது.

"ஆரோக்கியம்மா, என்னங்க இது?"

"மிஸ், தப்பு எம்மேலதான். என்ன வேணாலும் எழுதுங்க, அவள ஒண்ணும் எழுதாதீங்க. நான் வந்ததே அவளுக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்புடுறேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். ரேஷன் கடையில் யார் அழுதாலும் கார்டைக் கேட்கிறவள் நான்.

மிஸ்ஸுக்கும் கஷ்டம்தான். "ரூல்னு ஒண்ணு இருக்குங்களே. 'பெற்றோர் உதவியின்றி'ன்னு போட்டிருக்கு. நீங்க வந்து தலையிட்டத எல்லாரும் பாத்துட்டாங்க. நான் எப்படி டிக் போட?"

லின்சி பச்சை வில்லைகளை அடுக்கிக்கொண்டே, திரும்பாமல், "அம்மா உதவி செய்யல மிஸ்" என்றாள். "இடைஞ்சல்தான் செஞ்சாங்க."

மிஸ் அவளைப் பார்த்தது, தாளைப் பார்த்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக் போட்டது. பக்கத்தில் பொடி எழுத்தில் 'பெற்றோர் இடைஞ்சலையும் சமாளித்தார்' என்று எழுதினது. பாய் வந்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். "ஆவணியில வந்துடும்மா" என்றார் லின்சியிடம். என்னிடம், "நீங்க வராதீங்க" என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தேன். வாசல்படியில் பெண்ணின் அப்பா அய்யாவு வழிமறித்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். மனுஷன் தட்டில் ஒரு பத்திரிகையை வைத்து, அதன்மேல் வெற்றிலை பாக்கை வைத்து நீட்டினார். "வந்தவங்க சாப்பிடாமப் போனா அது எங்களுக்குத்தான் கொறை. இப்ப மொறையா கூப்பிடுறேன். என் மகளுக்குக் கல்யாணம், அவசியம் வரணும்."

பத்திரிகையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். மூன்றாம் பந்திக்குக் கதவு திறந்து என் முறை வந்தது. லின்சி பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தாள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள். "சிவப்பு அறுபத்து மூணு. உள்ள போங்க" என்றாள்.

இலையில் வடை, கேசரி, சாம்பார் எல்லாம் வைத்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. நம் ஊர்ப் பந்தியில் முதுகில் யாருடைய மூச்சும் படாமல் சாப்பிடுவது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். இருபது வருஷமாக ஒரு நாற்காலிக்குப் பின்னால் கைவைத்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். உட்கார்ந்திருந்தவள் எப்படிச் சாப்பிட்டிருப்பாள் என்று யோசித்ததே இல்லை. பாயசத்தை அழுகையும் சிரிப்புமாக இரண்டாவது தரம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் குடவாசல் பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றோம். லின்சி என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்றாள். கையில் சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள். நன்னிலம் பஸ் வந்தது, நானும் படியில் கால்வைத்தேன்.

"அம்மா" என்றாள் மேலே ஏறிக்கொண்டே. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தாள், பேச்சும் வீட்டுப் பேச்சுக்கு வந்துவிட்டது. "போகும்போதும் வரும்போதும் தனியாத்தான் வரணும். தாள்ல ஆறாவது வரி. நீ அடுத்த பஸ்ல வா."

"சரிடா" என்று இறங்கிவிட்டேன்.

பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், இந்தத் தடவை திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தத்திலேயே நிற்கிறேனா என்று சரிபார்த்துக்கொண்டு, முன்பக்கம் திரும்பினாள். அடுத்த பஸ் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தது.